முப்பத்தோராம் பக்கத்துத் தாள்

சுகிர்தத்துக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. மேசையில் ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டம் விழுந்திருந்தால்கூட அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். தலவாக்கலை நகரத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு அப்படித்தான் பெயர். பழைய தோட்டப் பதிவேடுகளை ஸ்கேன் எடுத்துக் கணினியில் சேர்த்து வைப்பது அவளுடைய வேலை. ஆறு தோட்டங்களின் பதிவேடுகளை அப்படிச் சேர்த்திருந்தாள். அதில் ஒன்றை மட்டும் வெளுத்தே விட்டாள் என்று சொல்ல வேண்டும். அந்த வெளுப்பு வேலைதான் ஒரு வியாழக்கிழமை காலையில் அவளை இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

எப்படி வெளுத்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒரு பக்கத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் எடுத்தால் நாற்பது மெகாபைட் வரும். அலுவலகத்தில் இருந்த மடிக்கணினியோ நான்கு பக்கத்தைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனால் பக்கத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். எழுத்து தனி, மையின் நிறம் தனி, தாள் தனி. எழுத்தைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, தாளை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கிவிடலாம். பிறகு கறுப்புத் திரையில் ஒரு நீண்ட வரியைத் தட்டினால், டேஜாவுமேக் என்கிற கருவி மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே கோப்பாக்கித் தந்துவிடும். பாவாடை, ரவிக்கை, சேலை என்று தனித்தனியாகத் துவைத்து மடித்து, பிறகு சேர்த்து உடுத்துகிற மாதிரி. நாற்பது மெகாபைட் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். சுகிர்தம் இதை எந்த வகுப்பிலும் போய்ப் படிக்கவில்லை. முன்பு அங்கே வேலை செய்தவர் விட்டுப்போன மூன்று பக்கக் குறிப்பையும், தப்பாகத் தட்டும்போதெல்லாம் அந்தக் கறுப்புத் திரை காட்டிய கோபத்தையும் வைத்துத்தான் படித்தாள்.

கொய்யாமலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராப் பதிவேடு வந்தபோதுதான் அவளுக்குப் புத்தி கோணலாகப் போயிற்று. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே அறுபது வருடம் கிடந்த புத்தகம் எப்படி இருக்கும்? கஞ்சி கொட்டியிருந்தது, தேயிலைச் சாயம் ஊறியிருந்தது, குழந்தைகள் செய்கிற வேறு காரியங்களின் தடமும் இருந்தது. அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பதிவேடுகளைப் பார்க்கப் போவதாக அலுவலகப் பொறுப்பாளர் பத்திநாதன் சொன்னார்.

சுகிர்தத்துக்கு உடம்பு கூசியது. அவளும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள்தான். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி, குளித்துவிட்டுத்தான் வந்தீர்களா என்று கேட்ட வாத்தியாரம்மாவை அவள் இன்னும் மறக்கவில்லை. எங்கள் சனத்தின் புத்தகத்தைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள். அறுபத்து நான்கு பக்கத்துக்கும் எழுத்தை மட்டும் எடுத்து, அடியில் பால்போல வெள்ளையான ஒரே ஒரு தாளைக் கொடுத்து அடுக்கினாள். வந்தவர்கள் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கணினியில் இடம் போதாததால், கறைபட்ட தாள் படங்களையும் ஸ்கேன் எடுத்த மூலப் படங்களையும் அவள் அழித்துவிட்டாள். புத்தகம் தோட்டத்துக்கே திரும்பிப் போயிற்று. அடுத்த மாரியில் பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம் காற்றில் போய், புத்தகம் நனைந்து கூழானதால், குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில் படியேறி வந்தவள் வேலாயி. அறுபத்தொரு வயது, கொய்யாமலையில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். உட்காரச் சொன்னதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

விஷயம் இதுதான். அவளுடைய அக்கா தெய்வானை, தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் பெயர் வந்து, கல்யாணம் கட்டிய கையோடு கப்பலேறிப் போனவள். இப்போது நீலகிரிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். நாற்பத்தாறு வருடமாக இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. தொலைபேசியில் முகம் பார்ப்பதோடு சரி. அக்காவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது, கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும். இனி வேலாயிதான் போக வேண்டும். போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். பிறப்புச் சான்றிதழிலோ பூரணி என்று இருந்தது, அடையாள அட்டையில் வேலாயி என்று இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு, இரண்டு பெயரும் சேர்ந்திருக்கிற ஏதாவது பழைய ஆவணம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை நகர மண்டபத்தில் நடமாடும் சேவை, உத்தியோகத்தர்களே ஊருக்கு வந்து படிவம் பார்ப்பார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அக்காவின் இடுப்பும் அதுவரை காத்திருக்குமா என்று தெரியாது.

"பிள்ளைக்காம்பரா புத்தகத்துல என்னோட ரெண்டு பேரும் இருக்கும் தங்கச்சி," என்றாள் வேலாயி. "பேரேட்டுல கிளாக்கர் ஐயா மையில எழுதுவாரு. அவரு வச்ச பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு புள்ளையும் திரும்பிப் பாக்காது. அதனால ஆயா பக்கத்துல பென்சில்ல வீட்டுப் பேரப் போட்டு வைப்பாங்க. அந்திக்கு யாரு வந்து தூக்குவாங்கன்னும் போட்டிருப்பாங்க. கண்ட ஆளு கையில புள்ளையக் குடுக்க முடியாதுல்ல. என் மகளுக்கும் அப்பிடித்தான் எழுதுனாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன்."

பென்சில் என்ற சொல்லைக் கேட்டதும் சுகிர்தம் கணினிப் பக்கம் திரும்பினாள். கொய்யாமலைக் கோப்பைத் திறந்தாள். முப்பத்தோராம் பக்கத்தில், ஏழாவது வரியில், பூரணி என்று கிளாக்கரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. தாய் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் சான்றிதழில் உள்ளபடியே இருந்தன. பக்கத்தில் வெள்ளை. வெறும் வெள்ளை. எழுத்தைப் பிரிக்கும்போது கறுப்பாக இருப்பதை மட்டும்தான் எழுத்து என்று கணினி எடுத்துக்கொள்ளும். மங்கலான பென்சில் தாளோடு போய்விடும். தாளோ அவள் கையாலேயே போய்விட்டது.

வேலாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கறை இல்லை, மடிப்பு இல்லை, ஒரு சொட்டுக் கஞ்சிகூட இல்லை.

"இது எங்க புத்தகம் இல்லையே," என்றாள். "எங்களுது இப்பிடி இருக்காது."

சுகிர்தம் உண்மையைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கொழும்பு ஆட்கள் வந்ததையும், தான் வெட்கப்பட்டதையும். சொல்லி முடித்தபின் ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்திருந்தாள். ஏச்சு விழவில்லை. நீங்கள் நல்லதை நினைத்துத்தானே செய்தீர்கள் என்று வேலாயி அவளையே தேற்றினாள். ஏசியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது சுகிர்தத்துக்கு. வேலாயி பைக்குள் பையாகக் காகிதங்களைத் திரும்ப வைக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு மடிப்பையும் நீவி நீவி.

பக்கத்து மேசையில் லோஜினி இருந்தாள். தட்டச்சு செய்கிற பிள்ளை, இருபத்தாறு வயது. அவளுடைய மேசை எப்போதும் சந்தைக்கடை மாதிரிக் கிடக்கும், அதற்காகச் சுகிர்தத்திடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அவள் தட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏசமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

சுகிர்தம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தாள் படமெல்லாம் எங்கிட்ட இருக்கு. நீங்க அழிக்கிறதுக்கு முந்தியே பென் டிரைவ்ல போட்டுக்கிட்டேன்."

எதற்காக என்று கேட்டால், அழைப்பிதழுக்காம். சனி ஞாயிறுகளில் லோஜினி சடங்கு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுப்பாள். பழைய ஓலை மாதிரி, ராஜா காலத்துக் காகிதம் மாதிரிப் பின்னணி கேட்டுச் சனம் வரும். இணையத்தில் கிடைக்கிற பழைய காகிதம் எல்லாம் போலியாகத் தெரிந்ததாம். கொய்யாமலைத் தாளில் நிஜமான பழுப்பு இருந்ததாம். கறை கூடக் கூடக் கிராக்கியும் கூடிற்றாம். இறம்பொடையில் ஒரு பெண்ணின் சடங்கு அழைப்பிதழ், தலவாக்கலையில் இரண்டு கல்யாணம், எல்லாம் அந்தத் தாளில்தான் ஊரெல்லாம் போயிருக்கின்றன. எதை மற்றவர் கண்ணில் படாமல் ஒளிக்க வேண்டும் என்று சுகிர்தம் பாடுபட்டாளோ, அதை ஊர்ச்சனம் ஆசையாகக் கையில் வாங்கி வீட்டுச் சுவரில் செருகி வைத்திருக்கிறது.

வேறொரு நாளாக இருந்திருந்தால், அலுவலகப் படத்தை எடுத்து இந்த வேலை செய்தாயா என்று சுகிர்தம் ஒரு பாட்டம் ஏசியிருப்பாள். அன்று அவள் எழுந்துபோய், லோஜினியின் மேசையில் குவிந்திருந்த குப்பையை ஒதுக்கி, தானே அந்தப் பென் டிரைவைத் தேடத் தொடங்கினாள்.

"நீ நல்லாயிருப்ப புள்ள," என்றாள்.

பென் டிரைவில் அறுபத்து நான்கு தாளும் இருந்தன. ஆனால் எது எந்தப் பக்கத்தின் தாள் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. லோஜினி தன் வசதிக்குப் பெயர் மாற்றி வைத்திருந்தாள். சாயக்கறை ஒன்று, சாயக்கறை இரண்டு, கஞ்சி மூன்று, மேகம், இலங்கைப் படம். ஒரு கறை இலங்கை வரைபடம் மாதிரி இருந்ததாம்.

தாளில் பென்சில் மட்டும் இருக்கும், பேனா எழுத்து இருக்காது. எழுத்து இருந்த இடமெல்லாம் மழுங்கிப்போய், பூசி மெழுகின சுவர் மாதிரி இருக்கும். ஆனால் பதிவேட்டின் அச்சுக்கோடுகள் மங்கலான நீலம், அவை தாளோடுதான் இருந்தன. சுகிர்தம் யோசித்தாள். கிளாக்கர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் எழுதியிருக்க மாட்டார், ஸ்கேன் எடுத்தபோது புத்தகமும் ஒரே மாதிரி நேராக இருந்திருக்காது. முப்பத்தோராம் பக்கத்து எழுத்தை ஒவ்வொரு தாளின்மேலும் வைத்துப் பார்த்தால், சரியான தாளில் மட்டும்தான் எல்லா வரியும் கோட்டில் உட்காரும். பழைய கோப்பிலிருந்து எழுத்து அடுக்கை மட்டும் உருவினாள். லோஜினியின் தாள் படங்களைக் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றினாள். பிறகு அறுபத்து நான்கு முறை அடுக்கச் சொல்லி ஒரு கட்டளை எழுதினாள். வேலாயியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

ஐம்பத்தெட்டுத் தாளைக் கருவி அடுக்கித் தந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில் எழுத்து கோட்டுக்குக் குறுக்கே ஓடியது, ஒன்றில் பாதிப் பக்கம் சரியாக வந்து கீழே போகப் போகச் சரிந்தது. ஏதோ ஒரு தாளில் ராசு என்ற பென்சில் பெயரைச் சுகிர்தம் வாசித்ததும் வேலாயி, அது எங்கள் மேல்லயத்து ராசுதான், இப்போது கினிகத்தேனையில் கடை வைத்திருக்கிறான் என்று கதை சொல்லத் தொடங்கினாள். ஐம்பத்தெட்டும் முடிந்தது. ஒன்றும் பொருந்தவில்லை.

மிச்சம் ஆறு. அவற்றைக் கருவி ஏற்கவே மறுத்துவிட்டது. தாளின் அளவு எழுத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுகொண்டது. அந்த விஷயத்தில் அது கறாரான பேர்வழி. எழுத்து இந்த அளவென்றால் தாள் சரியாக மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், ஒரு புள்ளி குறைந்தாலும் வாங்காது. லோஜினி இன்னும் சின்னதாகச் சுருங்கிப் போனாள். அந்த ஆறையும் பிள்ளையார் படமோ மாதா படமோ வைப்பதற்காக அவள் வெட்டியிருந்தாள். மேலே வெட்டினாளா கீழே வெட்டினாளா என்பது நினைவில்லை.

ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு வெள்ளைத் துண்டு ஒன்றை ஒட்டினாள் சுகிர்தம். முதலில் அடிப்பக்கத்தில் ஒட்டி அடுக்கினாள். கஞ்சி மூன்று என்ற தாள் திரையில் விரிந்தபோது வேலாயி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஒரு வரியின் பக்கத்தில் பென்சிலில் வேலாயி என்று இருந்தது. வேலாயிக்குத் தன் பெயரை மட்டும் வாசிக்கத் தெரியும்.

"இந்தா இருக்கேன். தங்கச்சி, இந்தா இருக்கேன் பாருங்க."

சுகிர்தம் பார்த்தாள். பென்சில் பெயர் நான்காவது வரியின் பக்கத்தில் நின்றது. நான்காவது வரியில் இருந்த குழந்தையோ கருப்பையாவின் மகன் சின்னராசா. ஏழாவது வரியில் இருந்த பூரணியின் பக்கத்தில் மாடசாமி என்று இருந்தது. பேனா எழுத்தெல்லாம் கோட்டுக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது.

இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கிறதே, இது போதாதா அக்கா என்று லோஜினி மெல்லக் கேட்டாள். சுகிர்தம் தலையை ஆட்டினாள். போதாது. ஒருமுறை தன் இஷ்டத்துக்கு இந்தப் பக்கத்தைத் திருத்தியதால்தான் இவ்வளவும். ஒட்டிய துண்டை அடியிலிருந்து எடுத்து மேலே ஒட்டினாள். கட்டளையை மறுபடி தட்டினாள்.

பக்கம் திறந்தது. வெள்ளைத் துண்டு தலைப்பிடத்தோடு முடிந்தது, அதன் கீழே முதல் வரி நீலக்கோட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. கீழே இறங்க இறங்க, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் வரிசையாக நிற்கிற சனம் மாதிரி, எழுத்து ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் நின்றது. நான்காவது வரியில் சின்னராசாவின் பக்கத்தில் வெறும் கஞ்சிக்கறை. ஏழாவது வரியில் மையில் பூரணி. பக்கத்தில், கறைக்கும் மடிப்புக்கும் இடையில், படிக்கத் திணறிப் படித்த ஒருத்தியின் உருண்டைக் கையெழுத்து.

சுகிர்தம் அதை வாய்விட்டு வாசித்தாள்.

"வேலாயி. அக்கா தெய்வான வந்து தூக்கும்."

வேலாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சுகிர்தம் பெயர் தெரியாத அந்த ஆயாவை நினைத்தாள். யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், பிள்ளை தவறான கைக்குப் போய்விடக் கூடாதே என்று பென்சிலைத் தேய்த்தவள். அவளுக்கு எங்கே போய் நன்றி சொல்வது? மாதாவே, அந்தப் பெண்பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாக வைத்திரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமைக்கு ஒரு கடிதமும், சத்தியம் செய்து ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியும் தயாராயின. கடிதத்தில் என்ன எழுதுவது என்பதில் பத்திநாதனுக்கும் சுகிர்தத்துக்கும் சின்னத் தகராறு. முன்பு தாளை நீக்கியதை எல்லாம் எழுதத் தேவையில்லை, அலுவலகத்துக்குக் கெட்ட பெயர் என்றார் அவர். சுகிர்தம் கேட்கவில்லை. தாளைத் தான்தான் நீக்கினேன், மேல்பகுதி வெட்டுப்பட்டதால் அங்கே வெற்றுத் துண்டு சேர்த்தேன், வேறு எதையும் தொடவில்லை என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். பத்திநாதன் பெருமூச்சு விட்டுவிட்டு முத்திரை குத்தினார், அதையும் சொல்ல வேண்டும்.

நகர மண்டபத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. அவர்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மேசையில் இருந்தவர் சிங்கள உத்தியோகத்தர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். இந்தப் பென்சில் எழுத்து இந்தப் பக்கத்தினுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று சிங்களத்தில் கேட்டார். சுகிர்தம் மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். எழுத்து அடுக்கை மறைத்துத் தாளை மட்டும் காட்டினாள். பிறகு தாளை மறைத்து எழுத்தை மட்டும் காட்டினாள். பிறகு இரண்டையும் சேர்த்து, துண்டை அடியில் ஒட்டிய தப்பான அடுக்கையும் மேலே ஒட்டிய சரியான அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருபத்திரண்டு வரியும் கோட்டில் உட்காருகிற இடம் ஒன்றுதான் என்று விரலால் வரி வரியாகக் காட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அத்தனை வரியையும் எண்ணினார்.

தாளை முதலில் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

வெட்கத்தில் எடுத்தேன் ஐயா என்று சுகிர்தம் சிங்களத்தில் சொன்னாள். அதற்கு அந்த மொழியிலும் சுருக்கமான ஒரு சொல்தான் இருந்தது.

அவர் திரையில் இருந்த கஞ்சிக்கறையை விரலால் தட்டினார். இனிமேல் கழுவாதீர்கள் என்றார். பிறகு வேலாயியின் படிவத்தின் மூலையில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடவுச்சீட்டு மேசைக்குப் போகச் சொன்னார். வேலாயி அவரைக் கும்பிட்டாள். சுகிர்தத்தைக் கும்பிட வந்தவளை அவள் தடுத்து, வரிசையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற லோஜினியைக் காட்டினாள். லோஜினி பதறிப்போய்ப் போத்தலையே வேலாயியின் கையில் கொடுத்துவிட்டாள்.

விரல் அடையாளம் வைத்து முடிந்ததும் மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்து வேலாயி நீலகிரிக்கு அழைத்தாள். லோஜினிதான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு தலையணையும் பாதி முகமும் தெரிந்தன. கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று வேலாயி சொன்னாள். புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னாள்.

கட்டில் கிரீச்சிட்டது, தெய்வானையின் முகம் முழுதாகத் திரைக்குள் வந்தது.

"ஆமா, நாந்தான் தூக்குவேன். என்னா கனம் கனத்த நீ," என்றாள். "இப்ப முடியாதுடி. நீயே நடந்து வா."